எத்தனை வருடம் செய்தால் கற்றுக்கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 43, அலுவலக வேலை, ஆறு வருடமாக வார இறுதிகளில் பின்னலும் எம்பிராய்டரியும், போன வருடம் ஒரு நெசவுப் பயிற்சி, அதிலிருந்து இயற்கைச் சாயத்தின் மேல் ஒரு பித்து. தெரிந்தவர்கள் எல்லாம் "எங்களுக்கும் சொல்லிக்கொடு" என்கிறார்கள். உங்களுக்கோ, நாலு இடத்தில் கால் வைத்துவிட்டு எதிலும் முழுசாக இறங்காமல் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவது ஏமாற்று வேலையோ என்று உறுத்துகிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமா, தாமதமாகிவிட்டதா, எத்தனை வருடம் கழித்துக் கற்றுக்கொடுக்கலாம், பாட்டி பாதியில் விட்டுப்போன எம்பிராய்டரித் துணியை நான் முடிக்கலாமா என்று நாலு கேள்வி. முதல் மூன்றும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. "இது எனக்குத் தெரியும்" என்று எந்த நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேலாகத் தறியிலும் சாயத்தொட்டியிலும் கிடக்கிறேன். அதில் இருபத்திரண்டு வருடம் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். நெசவு, சாயம் இரண்டிலும் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்பிராய்டரி எனக்கு ஓரளவு கைவந்ததுதான், தேர்ந்த ஆள் என்று சொல்ல மாட்டேன். இதை வைத்து வாழ முடியுமா என்ற பகுதியில் நான் சொல்வது ஒரே ஒருவரின் அனுபவம், அவ்வளவுதான்.

தாமதம் பற்றியதை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1834-இல் பிறந்தவர். டேப்பஸ்ட்ரி நெசவை, அதாவது வண்ண நூலாலேயே படம் நெய்வதை, தானே கற்றுக்கொள்வதென்று முடிவு செய்து, படுக்கையறையிலேயே ஒரு தறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது 1879-இல், 45 வயதில். ஒரு பழைய பிரெஞ்சுக் கையேடுதான் ஆசிரியர். முதல் துண்டுக்கு 516 மணி நேரத்துக்கும் மேல் ஆனதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தறியில் கழித்த ஆனி ஆல்பர்ஸ் அறுபதைத் தாண்டிய பிறகு அச்சுக்கலைக்குத் திரும்பினார். நாற்பதுக்கு மேல் நிஜமாகவே மாறுவது கண் ஒன்றுதான். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடியும் பக்கவாட்டில் ஒரு நல்ல விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலையை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் வயதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். வருடக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை ஆயிரம் மணி நேரம் செய்தால் தேர்ச்சி வந்துவிடும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. ஒரே தவறை இருபது வருடம் சளைக்காமல் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கணக்கைப் பெரிதாக எடுப்பதில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. என் பட்டறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் முழுக்க வீணாய்ப்போன துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று, எப்படிச் சரிசெய்திருக்கலாம் என்று எழுதி வைத்திருப்பேன். முதல் சில வருடத்துச் சீட்டுகளில் "எதனால்" என்ற இடம் காலியாகவே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப முடிந்த நாளிலிருந்துதான் எனக்குத் தொழில் தெரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

ஒரு துண்டை எடுத்துக் காட்டுகிறேன். நீலமும் வெள்ளையுமாக நெய்த பருத்தித் துண்டு, 40 சென்டிமீட்டர் அகலம். ட்வில் நெசவு, ஜீன்ஸ் துணியில் சாய்வாகக் கோடு ஓடுமே, அது. இதற்கு, இழைகளை ஏற்றி இறக்கும் நாலு விழுதுக்கட்டில் (விழுது என்பது இழை நுழையும் கண்ணி) 1, 2, 3, 4 என்று வரிசை தப்பாமல் பாவு இழைகளை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, கோத்துக்கொண்டே போக வேண்டும். இந்தத் துண்டில் இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கோடு நெடுக ஓடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு இழைகள் ஜோடியாக ஏறி ஜோடியாக இறங்குவது தெரியும். நாலாவது கட்டுக்குப் போக வேண்டிய இழையை மறுபடி மூன்றாவதிலேயே கோத்திருக்கிறேன். நெய்ய ஆரம்பித்த இரண்டாவது அங்குலத்திலேயே கோடு கண்ணில் பட்டது. "துவைத்தால் மறைந்துவிடும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு மீட்டர் நெய்து முடித்தேன். துவைத்த பிறகு கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீப்பு மாதிரி இழைகளைப் பிரித்து வைக்கும் அச்சில் ஒரு பல்லை விட்டுவிட்டு இழையை அடுத்த பல்லில் கோத்திருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்க அதே மாதிரிதான் ஒரு கோடு விழும். ஆனால் அது இழைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சந்து. துவைத்து இழைகள் தளர்ந்ததும் பெரும்பாலும் அது மூடிக்கொள்ளும். அதை விட்டுவிடலாம். விழுதில் மாறிப்போன இழையை விட முடியாது. அதற்காக எல்லாவற்றையும் அவிழ்க்கவும் வேண்டாம். சரியான கட்டில் கெட்டி நூலால் புதிதாக ஒரு விழுது கட்டி, அந்த ஒரு இழையை மட்டும் வெட்டி அதில் கோத்து முடிச்சுப் போட்டால் போதும். கால் மணி நேர வேலை. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. தெரியாததற்கு விலை இரண்டு மீட்டர் துணி.

கோட்டைப் பார்த்துக் காரணத்துக்குப் போகும் இந்த வழி நெசவில் கொஞ்சம் சுலபம், ஏனென்றால் துணியே பாதியைச் சொல்லிவிடும். நெடுக ஓடும் பிழை தறியில் பாவு ஏற்றும்போது நடந்தது: விழுதில், அச்சில், அல்லது தொய்ந்துபோன ஒரு இழையில். குறுக்கே தெரியும் பிழை நெய்யும்போது நடந்தது: மிதிகட்டை மாறியது, அடி பலமாக விழுந்தது, நூல் சுற்றிய தார் தீர்ந்து புது நூல் சேர்த்தது, இல்லாவிட்டால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. கடைசியாகச் சொன்னது விளையாட்டு இல்லை. இடைவேளைக்கு முன்னால் அடித்த கைக்கும் பின்னால் அடித்த கைக்கும் வித்தியாசம் இருக்கும், அது துணியில் ஒரு பட்டையாகத் தெரியும். போகப் போக அகலம் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை. ஒரு மாணவி 40 சென்டிமீட்டரில் ஆரம்பித்து 33-இல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓரத்து இழைகள் அச்சில் உரசி ஒவ்வொன்றாக அறுந்தன. அவள் நூல் மட்டமென்று நினைத்து வேறு நூல் வாங்கக் கிளம்பிவிட்டாள். நூலில் குற்றமே இல்லை. ஊடையை, அதாவது குறுக்கே போகும் நூலை, நேர்கோடாக இழுத்துப் போட்டு அடித்திருக்கிறாள். ஊடை பாவுக்கு மேலும் கீழுமாக வளைந்து போக வேண்டியது, அதற்கு அதிக நீளம் வேண்டும். அந்த நீளத்தைக் கொடுக்காவிட்டால் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஊடையை வில் மாதிரி கொஞ்சம் வளைத்துப் போட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். மறுநாள் அகலம் நின்றுவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு என் பதில். இன்னொருவர் செய்த வேலையைக் கையில் வாங்கிப் பார்த்து, இது எந்த இடத்தில், என்ன செய்ததால் இப்படி ஆயிற்று என்று பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த வேலையை, அந்த ஒன்றை மட்டும், தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். ஆறு மாதத்தில் வந்தாலும் சரிதான். அழகாகச் செய்யத் தெரிந்து இது தெரியாதவர்களும் உண்டு. எனக்கு முதன்முதலில் தறி காட்டியவர் அப்படி. கை அப்படி ஓடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் தப்பு செய்தால் "நகரு" என்பார். தானே உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுவார். என்ன செய்தார் என்று கேட்டால், "பார்த்தாய் அல்லவா?" மூன்று வருடம் அவரிடம் இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் கற்றதைவிட, அவர் போன பிறகு அவர் நெய்த ஒரு பழைய துண்டை ஊசி வைத்து இழை இழையாகப் பிரித்துக் கற்றது அதிகம். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மாரிஸும் அவர் மனைவி ஜேனும் பழைய எம்பிராய்டரித் துணிகளைப் பிரித்துப் பார்த்துத்தான் பல தையல்களைக் கற்றார்கள் என்று ஜேனே சொல்லியிருக்கிறார்.

சாயத்தில் இந்த வாசிப்பு கடினம். நெசவில் பிழை கண் முன்னால் நடக்கும், சாயத்தில் பிழை நடப்பது ஒரு நாள், தெரிவது வேறொரு நாள். என் பெட்டியில் இருப்பதில் எனக்கு இன்னும் கூச்சம் தருவது ஒரு பச்சைக் கம்பளித் துணுக்கு. ஆரம்ப காலத்தில் ஒருவர் வீட்டுச் சுவருக்கென்று பெரிதாக ஒன்று நெய்து தரச் சொன்னார். காடு மாதிரி அடர்த்தியாகப் பச்சை கேட்டார். இயற்கைச் சாயத்தில் நல்ல பச்சை ஒரே தொட்டியில் கிடைப்பது அபூர்வம். நீலம் ஏற்றி, அதன்மேல் மஞ்சள் ஏற்ற வேண்டும். நீலத்துக்கு அவுரி போட்டேன். மஞ்சளுக்கு, சுலபமாகக் கிடைத்ததே என்று மஞ்சள் கிழங்கையே போட்டுவிட்டேன். மாட்டிய அன்று கண்ணைப் பறித்தது. ஒரு வருடம் கழித்து அவர் கூப்பிட்டுக் காட்டினார். ஜன்னல் பக்கமிருந்த பாதி நீலமாகியிருந்தது. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலுக்கு நிற்காது, அவுரி நிற்கும். அருங்காட்சியகங்களில் பழைய ஐரோப்பிய டேப்பஸ்ட்ரிகளைப் பார்த்தால் மரத்து இலையெல்லாம் நீலமாக இருக்கும். நெய்தவர்கள் நீல மரம் நெய்யவில்லை. மஞ்சள் போய்விட்டது, நீலம் மிச்சம். நானூறு, ஐநூறு வருடப் பிழையை நான் ஒரே வருடத்தில் செய்து காட்டினேன்.

அதற்குப் பிறகு எந்தச் சாயத்தையும் ஜன்னல் பரீட்சை வைக்காமல் வெளியே கொடுப்பதில்லை. சாயம் ஏற்றிய நூலை ஒரு அட்டையில் சுற்றி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். பிறகு தாளைப் பிரித்து இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களில் இதையே 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு அளப்பார்கள். நமக்கு அட்டையும் ஜன்னலும் போதும். இணையத்தில் பீட்ரூட், முட்டைக்கோஸ், பெர்ரி என்று காட்டும் அழகான இளஞ்சிவப்புகளில் முக்கால்வாசி இந்தப் பரீட்சையில் தோற்கும்.

இன்னும் இரண்டு விஷயம் சாயத்தில் உறுதியாகச் சொல்லலாம். கம்பளியும் பட்டும் சாயத்தை வாங்கும் விதம் வேறு, பருத்தியும் லினனும் வாங்கும் விதம் வேறு. கம்பளிக்கு அதன் எடையில் நூற்றுக்கு 15 பங்கு அளவில் படிகாரம் போட்டு ஊறவைத்தால் நன்றாகவே பிடிக்கும். அதே படிகாரத்தை மட்டும் பருத்திக்குப் போட்டால் வெளுத்துத்தான் வரும். பருத்தியை முதலில் எண்ணெய்ப்பசை, மெழுகெல்லாம் போக நன்றாகக் கொதிக்கவைத்து அலசி, துவர்ப்புள்ள ஏதாவது ஒன்றில், கடுக்காய் மாதிரி, ஊறவைத்து, அதற்கப்புறம் படிகாரத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது சூடு. மஞ்சிட்டி வேரில் சிவப்பு எடுக்கும்போது தண்ணீர் கொதிக்கவே கூடாது. சூடு ஏறினால் வேரிலுள்ள பழுப்பும் சேர்ந்து இறங்கி, சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். "சிவப்பு வரவில்லை" என்று கொண்டுவந்து காட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது அடுப்பைப் பற்றித்தான்.

அவுரி தனி உலகம், இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்று நூலுக்குள் எப்படிப் போகும்? அதற்காகத் தொட்டியைக் காரமாக்கி, அதிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துவிட வேண்டும். பழைய முறையில் இதை நுண்ணுயிர்களே செய்யும், இப்போது பலர் பழச்சர்க்கரையும் சுண்ணாம்பும் போட்டுச் செய்கிறார்கள். அப்போது நீலம் நிறமிழந்து கரையும், தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாக மாறும், மேலே செம்பு மினுக்கோடு ஒரு ஏடு படரும். துணியை உள்ளே விட்டு எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரில் நீலமாகும். வகுப்பில் இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அழுத்தமான நீலம் வேண்டுமென்றால் புதிதாகக் கற்பவர்கள் துணியை ஒரேயடியாக அரை மணி நேரம் ஊறவிடுவார்கள். பலன் இல்லை. சில நிமிடம் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்கி, இப்படி ஏழெட்டுத் தடவை செய்தால்தான் நீலம் ஆழமாகும், தேய்த்தால் கையில் ஒட்டாமலும் இருக்கும். ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம்: செடியிலிருந்து வரும் நீலமும் ஆலை நீலமும் மூலக்கூறு அளவில் ஒன்றேதான். ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் 1883-இல் அதன் அமைப்பைக் கண்டுசொன்னார், 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செடி நீலம் இன்னும் அழகு, அதில் ஒரு உயிர் இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. செடியில் கூடவே வரும் மற்றப் பொருள்களால் சாயலில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம் என்பதுவரை ஒத்துக்கொள்வேன்.

ஒன்றா பலவா என்ற கேள்விக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் இரண்டு வழியிலும் நன்றாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் செய்தது இது: ஏதாவது ஒன்றில் அடிவரை போனேன், மற்றவற்றை அந்த ஒன்றுக்கு உதவும் அளவுக்குத் தொட்டுக்கொண்டேன். நூல் நூற்கக் கற்றது நூல் விற்பதற்கு இல்லை. முறுக்கு அதிகமான நூல் துவைத்த பிறகு ஏன் சுருண்டுகொள்கிறது என்று தெரியவேண்டியிருந்தது, அதற்காக. பின்னல் கற்றதில் துணி எப்படி நீளும் என்று புரிந்தது. நீங்கள் தொட்ட நாலும் வீணில்லை. ஆனால் நாலிலும் ஆரம்பப் பாடத்தையே நாலு முறை படித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கும் சந்தோஷம் ஒரு போதை, எனக்கும் உண்டு. எந்த வேலையில் உங்கள் பிழைகள் உங்களுக்கு எரிச்சலைவிட ஆர்வத்தை அதிகம் தருகின்றனவோ அதில் இறங்குங்கள். ஆனி ஆல்பர்ஸ் 1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்குப் போனது நெசவுக்காக இல்லை. பெண்களை அந்தப் பட்டறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள், வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே நுழைந்தார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்த முதல் நெசவுக் கலைஞர் அவர்தான்.

முறையான பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்றும் யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதே பௌஹவுஸ் நெசவுப் பட்டறையில் தலைமைக்கு வைத்திருந்தவர் ஓர் ஓவியர், அவருக்குத் தறி தெரியாது. மாணவிகள் தாங்களே முட்டி மோதிக் கற்றார்கள். அவர்களில் ஒருவரான குண்டா ஸ்டோல்ஸ்ல் கிரேஃபெல்ட் நகருக்குப் போய்ச் சாயம் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1919-இல் மாணவியாகச் சேர்ந்தவர் 1927-இல் அதே பட்டறைக்குத் தலைமை ஏற்றார். நல்ல பள்ளி கிடைத்தால் போங்கள், கருவிகளும் சக மாணவர்களும் கிடைப்பார்கள், அது பெரிய விஷயம். கிடைக்காவிட்டால் அதையே காரணமாக வைத்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

நான் நடத்திய முதல் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயத்துக்கு அது உதவும். எட்டுப் பேர். ஒன்றரை மணி நேரம் இழை வகைகளைப் பற்றிப் பேசினேன், பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். பிறகு அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் காட்டினேன். ஏழு பேர் கண்ணாடியில் பார்த்ததுபோலத் தலைகீழாகப் போட்டார்கள். இடதுகைப் பழக்கமுள்ள ஒருவர் மட்டும் சரியாகப் போட்டார், அதுவும் தற்செயலாக. சாயத்துக்குப் போனோம். நூலைத் தொட்டியில் விடுமுன் தண்ணீரில் நனைக்கச் சொன்னேன். பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "எப்படியும் தண்ணீரில்தானே போடப்போகிறோம், முன்னால் எதற்கு நனைக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை எத்தனையோ வருடம் நனைத்திருக்கிறேன், சொன்னவர் சொன்னார் என்று நனைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு நூல் கண்டு எடுத்தேன், ஒன்றை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன், ஒன்றை அப்படியே காய்ந்த நூலாக விட்டேன். காய்ந்தது திட்டுத்திட்டாக வந்தது, கட்டு இருந்த இடத்தில் வெள்ளை அப்படியே நின்றது. காய்ந்த நூலுக்குள் காற்று இருக்கிறது, சாயம் எட்டும் இடத்தில் பாய்ந்து பிடித்துக்கொள்கிறது, எட்டாத இடம் காலி. அடுத்த வாரம் இரண்டு கண்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். தகரப் பெட்டியைத் திட்டம்போட்டு நிரப்ப ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அதனால் கற்றுக்கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். இடதுகைக்காரருக்கு மட்டும் எதிரில் உட்கார்ந்தால் கண்ணாடி மாதிரி அமைந்துவிடும். முதல் வகுப்பில் மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள், ஆறு பேரின் பிழையை ஒரே நேரத்தில் பார்க்கப் பழக்கம் வேண்டும். "நகரு" சொல்லாதீர்கள். கையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்லிச் சரிசெய்ய வைத்துப் பாருங்கள், உங்களுக்கே எது தெரியும் எது தெரியாது என்று அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். யாரிடம் எதைக் கற்றீர்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நுட்பம் பொதுச்சொத்து, இன்னொருவர் வரைந்த வடிவம் அப்படியில்லை. ஆல்பர்ஸ் 1965-இல் வந்த தன் நெசவு நூலைப் பெரு நாட்டின் பழங்கால நெசவாளர்களுக்கு, தன் பெரிய ஆசிரியர்கள் என்று சொல்லி, சமர்ப்பித்திருக்கிறார்.

வகுப்பு எடுப்பதென்றால் பொறுப்பும் வருகிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத சில விஷயங்கள் உண்டு. சாயப் பாத்திரமும் கரண்டியும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. தூளாக வரும் ரசாயனச் சாயங்களை, குறிப்பாகப் பருத்திக்கான ரியாக்டிவ் சாயங்களை, முகமூடி இல்லாமல் கலக்கக் கூடாது, அந்தத் தூள் மூச்சில் போய்ப் போய் ஆஸ்துமா வரை கொண்டுவிடலாம். பழைய குறிப்பேடுகளில் குரோமியம் உப்புப் போடச் சொல்லியிருப்பார்கள், அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள், எந்த அழகான மஞ்சளுக்காகவும் தொடாதீர்கள். இரும்பு உப்பு நிறத்தைக் கறுக்கவைக்கும், அதிகமானால் நாளடைவில் நூலையே மொறுமொறுவென்று உடையவைக்கும். "இயற்கை என்றால் பாதுகாப்பு" என்று உங்கள் மாணவர்கள் நம்பிக்கொண்டு வருவார்கள், அதை முதல் நாளே கலைத்துவிடுங்கள். உடம்பையும் கவனியுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். கட்டைவிரல் அடியில் வலி ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. ஒரு தடவை அதை மதிக்காமல் எட்டு மாதம், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தொட முடியாமல் இருந்தேன்.

வாழ முடியுமா என்பதற்கு: எனக்கு முடிந்தது, ஆனால் செய்யும் பொருளை மட்டும் விற்று ஒரு வருடம்கூட ஓடியதில்லை. பாதிக்கு மேல் கற்பித்தலில் வந்தது. மாரிஸின் 516 மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், எந்த விலை போட்டாலும் அந்த நேரத்துக்கு ஈடாகாது. இப்போதே ஒவ்வொரு துண்டுக்கும் நேரக் கணக்கு எழுதுங்கள், பாவு ஏற்றும் நேரத்தையும் பிரித்துக் கட்டும் நேரத்தையும் விடாமல். நூல் கணக்கிலும் புதியவர்கள் ஏமாறுவார்கள். 2 மீட்டர் துணி வேண்டுமென்றால் 2 மீட்டர் பாவு போதாது. நெசவில் வளைந்து போவதற்கு நூற்றுக்குப் பத்து, துவைத்தால் சுருங்குவதற்குப் பத்து, தறியின் முனையில் நெய்ய முடியாமல் நிற்கும் 60 சென்டிமீட்டர், எல்லாம் சேர்த்தால் 3 மீட்டர் ஆகிவிடும். இந்த விகிதமும் நூலுக்கு நூல் மாறும், உங்கள் மாதிரித் துண்டைத் துவைத்து அளந்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

கடைசியாகப் பாட்டியின் துணி. முடிக்கலாமா கூடாதா என்பதை நான் சொல்ல முடியாது, அது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் ஊசியைக் கையில் எடுக்குமுன் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து. நூலை எங்கே ஆரம்பித்தார், எங்கே முடித்தார், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை வெட்டிப் போனாரா தாண்டிப் போனாரா என்று தெரியும். தையலே இல்லாத இடத்தில் சின்னச் சின்ன ஊசித்துளைகள் வரிசையாக இருந்தால், அங்கே தைத்துவிட்டுப் பிடிக்காமல் பிரித்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துவைக்க அவசரப்படாதீர்கள். ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒற்றிப் பாருங்கள், பழைய சிவப்புகள் அடிக்கடி கசியும். தொடர்ந்து தைப்பதென்றால் நூல் நிறத்தை வெளிப்பக்கத்தோடு ஒப்பிடாமல் பின்பக்கத்தோடு ஒப்பிடுங்கள், அங்கேதான் வெளுக்காத நிறம் இருக்கும். அப்புறம், அவர் விட்ட இடத்தில் ஊசி இன்னும் துணியிலேயே குத்தியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளை நூலால் அடையாளம் போட்டு வையுங்கள். துரு இறங்கிவிட்டால் அந்தக் கறையை எடுக்கப் போய் அடியிலுள்ள துணியும் போய்விடும்.